‘எங்கள் ஆள்தான்’ என்று எழுதிய ஏழு பேர்: வேல்ஸ் தாள்களைத் தேடிப் போன ஒரு வியாழக்கிழமை

“இந்தப் பிள்ளை உங்களுடையது என்றால், இவளிடம் ஏன் உங்கள் குடும்பப் பெயர் இல்லை?”

1987 செப்டெம்பரில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் ஜேர்மனியின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் கோப்புகளைப் பார்த்துவந்த திருமதி க்ளாசன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் கணக்கு சரிவராத பிள்ளை கேட்பது போல, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். நான் பன்னிரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலமும் சரித்திரமும் படிப்பித்தவன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை.

பதில் கிடைத்தது ஒரு மாதம் கழித்து. மியூன்ஸ்டருக்கு அப்பால் உள்ள ஓஸ்டர்ஹாகன் என்ற சிறிய ஊரின் காப்பகத்தில், பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றின் பழைய தாள்களுக்கு நடுவில். நூலகங்களுக்கும் காப்பகங்களுக்கும் போய்வந்ததை இந்த வலைப்பதிவில் எழுதிவருகிறேன். “நீங்கள் முதலில் போன காப்பகம் எது, ஏன் போனீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்காக இந்தப் பதிவு. பயணம் 1987 ஒக்டோபர் 15, வியாழக்கிழமை. இப்போது போக விரும்புபவர்களுக்கான விவரங்களைக் கடைசியில் தருகிறேன்.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கனகரத்தினம். அப்பாவின் பெயர் சின்னத்தம்பி. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எங்கள் வழக்கப்படி நான் சின்னத்தம்பி கனகரத்தினம். என் மகள் கனகரத்தினம் பவானி. அப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அடுத்த தலைமுறையில் முன்னால் இருந்தது கழன்றுவிடும். எங்களுக்கு இது மூச்சு விடுவது போல. ஜேர்மன் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியில் எனக்குச் சின்னத்தம்பி என்று எழுதினார்கள். அலுவலகத்தில் “திரு சின்னத்தம்பி!” என்று கூப்பிடும்போதெல்லாம், அப்பா எங்கே வந்து நிற்கிறார் என்று நான் திரும்பிப் பார்ப்பேன். மகளின் பெட்டியில் கனகரத்தினம்.

நான் 1985இல் தனியாக வந்தவன். கெல்சென்கிர்ச்சன் நகர எல்லையை ஒட்டிய ஒரு சிறிய ஊரில் அகதிகள் விடுதியில் இருந்தேன். மனைவி யோகராணியும் ஆறு வயது மகளும் இரண்டு வருடம் கழித்து பெர்லின் வழியாக வந்தார்கள். அவர்களை ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாளில் அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்கள் தங்களுக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. ஆகவே ஒரே நாட்டில், ரயிலில் அரை நாள் தூரத்தில், நாங்கள் மூன்று பேரும் இரண்டு இடத்தில் இருந்தோம். ஒரு குடும்பம்தான் என்று அலுவலகம் ஏற்றுக்கொண்டால் என்னிடம் அனுப்புவார்கள். ஏற்காவிட்டால் இல்லை. கேள்வி அதுதான்.

இங்கே நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். அறையில் என்னோடு இருந்த எங்கள் ஊர்ச் சிவபாலன் நல்ல மனிதன், ஆனால் எந்தச் சிக்கலுக்கும் குறுக்கு வழி வைத்திருப்பான்.

“மாஸ்டர், ஜேர்மன்காரனுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு பேர்தான். நீங்கள் பிள்ளைக்கும் சின்னத்தம்பி எண்டு எழுதிவிடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?”

“அவளின்ர பிறப்புச் சான்றிதழில வேற கிடக்கடா.”

“அது தமிழிலதானே கிடக்கு!”

இரண்டாவது படிவத்தில் நான் ‘சின்னத்தம்பி பவானி’ என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று. இரண்டு கிழமையில் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தது. முதல் படிவத்தில் கனகரத்தினம், இரண்டாவதில் சின்னத்தம்பி, சான்றிதழில் மறுபடி கனகரத்தினம். இப்போது திருமதி க்ளாசனிடம் விளங்காத பெயர் ஒன்று மட்டுமல்ல, மாற்றி எழுதிய தகப்பன் ஒருவனும் இருந்தான். ஒக்டோபர் 27ஆம் திகதிக்கு Termin, அதாவது சந்திக்கும் நேரம், தந்தார். “அன்றைக்கு எனக்கு ஒரு விளக்கம் வேண்டும்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிக் கூண்டிலிருந்து மகளோடு பேசினேன். அவள் அங்கே பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று அவளுடைய ஆசிரியைக்கும் குழப்பம்.

“அப்பா, இஞ்ச ரீச்சர் என்னைக் கனகரத்தினம் எண்டுதான் கூப்பிடுறா.”

“நீ என்ன சொல்லுவாய்?”

“ஓம் எண்டுவன். உங்களைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கும். நீங்கள் வந்திட்டீங்களோ எண்டு கதவைப் பாப்பன்.”

அவளிடமிருந்து என் பெயரைத்தான் நான் எடுத்துவிட்டேன். கூண்டை விட்டு வெளியே வந்தபோது அது உறைத்தது.

வேல்ஸ் இதற்குள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்களுக்கு வாரம் இரண்டு நாள் ஜேர்மன் சொல்லித்தர, தேவாலயக் குழுவைச் சேர்ந்த திருமதி வேபர் வருவார். ஓஸ்டர்ஹாகன் காப்பகத்தில் இருந்தவர் அவருக்குத் தெரிந்தவர். போருக்குப் பிறகு மியூன்ஸ்டர் பக்கம் முகாமிட்டிருந்த பிரித்தானியப் படையில் வேல்ஸ்காரர் ஒருவர், உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டாராம். அவர் செத்த பிறகு வீட்டில் இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. அவருடைய முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கிராமச் சபைக்கு எழுத்தர்களாக இருந்தவர்கள். மனைவி பெட்டிகளைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்க ஓஸ்டர்ஹாகனில் ஆள் இல்லை.

“நீங்கள் வாசிப்பீர்களா?” என்று திருமதி வேபர் கேட்டார்.

வாசிப்பேன். எங்கள் பள்ளியில் வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. செல்லரிக்காமல் பார்த்து, பிரதி எடுத்து வைத்தது நான்தான். வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லாத காலம். ஒரு நாள் முழுக்கக் கடதாசி வாசிக்கலாம் என்றால் யார் விடுவார்? திருமதி வேபரே அலுவலகத்துக்குப் போய், ‘15.10.1987, இரவு எட்டு மணி வரை’ என்று முத்திரை குத்திய ஒரு அனுமதித் தாளும், ரயில் டிக்கெட்டும் வாங்கித் தந்தார்.

காலை 7.12க்கு கெல்சென்கிர்ச்சனில் ரயில் ஏறினேன். மியூன்ஸ்டர் ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். ஒரு வழிக் கட்டணம் அப்போது பதினான்கு மார்க் சொச்சம். ரெக்லிங்ஹவுசன் தாண்டும்வரை புகைபோக்கிகள். ஹால்டேர்ன் வந்ததும் திடீரென்று பைன் மரங்கள், மணல், பிறகு குதிரைகள் நிற்கும் வயல். இரண்டு வருடமாக மாவட்ட எல்லையைத் தாண்டாதவனுக்கு அந்தக் குதிரைகள் பெரிய விசயம். அவற்றைப் பார்க்க வேண்டுமானால் போகும்போது இடது பக்கம் இருங்கள்.

8.17க்கு மியூன்ஸ்டர். நிலையத்தின் முன்னால் பஸ். இருபத்திரண்டு கிலோமீற்றர், நாற்பது நிமிடம், நான்கு மார்க் இருபது. சாரதியிடம் என் புதிய ஜேர்மனில் கவனமாகச் சொன்னேன்: “ஓஸ்டர்ஹாகன், காப்பகம், தயவுசெய்து.”

“காப்பகத்துக்கா?” சாரதி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “இருபது வருடம் இந்தப் பாதையில் ஓட்டுகிறேன். சந்தைக்குப் போவார்கள், பல் வைத்தியரிடம் போவார்கள். காப்பகத்துக்கு என்று ஏறிய முதல் ஆள் நீங்கள்தான்.” ஊர் வந்ததும் பஸ்ஸை நிறுத்தத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி, கையால் காட்டினார். “அந்தப் பச்சைக் கதவு. பூட்டியிருந்தால் பேக்கரியில் கேளுங்கள், அவர் அங்கேதான் இருப்பார்.”

அங்கேதான் இருந்தார். காப்பகப் பொறுப்பாளர் திரு ப்ரோய்க்கர். அறுபது வயதை எட்டியவர், கம்பளி மேற்சட்டை, கையில் பாதி தின்ற பாண். எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு பச்சைக் கதவைத் திறந்தார். மெதுவான ஜேர்மனும், நடுநடுவே பள்ளிக்கூட ஆங்கிலமும் பேசினார்.

“இரண்டு விதி. பேனை கூடாது, பென்சில் மட்டும். பாண் இந்த மேசையில், தாள் அந்த மேசையில்.”

பெட்டிகளைத் திறந்தோம். நான் சரித்திரம் படிப்பித்த காலத்தில் பிரித்தானிய முடியாட்சி என்றால் மன்னர்கள், போர்கள், ஒப்பந்தங்கள். இந்தப் பெட்டிக்குள் அதே முடியாட்சி வேறு முகத்தோடு இருந்தது. எல்லாத் தாளும் ‘மாட்சிமை தங்கிய மன்னரின்’ என்றுதான் தொடங்கும். உள்ளே பார்த்தால், நரியைக் கொன்று கொண்டுவந்தவருக்குத் தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுத்த சன்மானம். வீதி திருத்த வராமல் ஏமாற்றியவர்களின் பட்டியல். தேவாலயத்துக்குள் நாயைக் கூட்டிவந்தவர் மேல் முறைப்பாடு, அதற்குக் கீழே நாயின் சொந்தக்காரர் எழுதிய மறுப்பு. சுங்கச் சாவடிக் கட்டணம் கூடிப்போனதென்று மன்னருக்கு எழுதி, அனுப்பினார்களோ இல்லையோ என்று தெரியாத மனு. ஒரு தேர்தல் காலத்துத் தாளும் இருந்தது. இரகசிய வாக்கு வருவதற்கு முந்திய காலம் அது. எல்லோர் முன்னாலும் வாய் திறந்து வாக்களிக்க வேண்டும். பெரிய பண்ணையாரின் கணக்கப்பிள்ளை குடியானவர்களின் பெயர்களை எழுதி, தன் எசமானுக்கு எதிராகச் சொன்னவர்களின் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளி வைத்திருந்தார். அந்தப் புள்ளிகளை நானும் திரு ப்ரோய்க்கரும் ஒவ்வொன்றாக எண்ணினோம்.

ஆங்கிலத்தில் எழுதிய தாள்களின் ஓரத்தில் அங்கங்கே வேல்ஸ் மொழி வரும். எழுத்தர் அலுத்துப்போய் ஏதோ முணுமுணுத்தது போல. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அந்தக் கிராமத்தின் பெயரையே என்னால் இன்றும் உச்சரிக்க முடியாது.

பத்தரை மணிக்கு நான் வாசித்துச் சொல்ல, அவர் தட்டச்சு செய்யத் தொடங்கினோம். பன்னிரண்டு மணிபோல் நாடாவால் கட்டிய ஒரு சின்னக் கட்டு வந்தது. மேலே ‘குடியுரிமை விசாரணைகள்’ என்பது போல ஒரு தலைப்பு.

இதை விளக்க ஒரு உதாரணம் சொல்கிறேன். காரைநகரில் பிறந்த ஒருவர் கிளிநொச்சிக்கு வயல் வேலைக்குப் போகிறார். அங்கே காய்ச்சலில் விழுகிறார். மனைவியும் மூன்று பிள்ளைகளும். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது யார்? கிளிநொச்சிக்காரர் “காரைநகர் பார்க்கட்டும்” என்பார்கள். காரைநகர்க்காரர் “உழைப்பை வாங்கினது நீங்கள், நீங்களே பாருங்கோ” என்பார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தச் சண்டைக்கு ஒரு சட்டமே இருந்தது. ஒவ்வொரு ஏழைக்கும் ‘சொந்த ஊர்’ என்று ஒன்று உண்டு. வேறு ஊரில் போய் நொடித்துவிட்டால், மன்னரின் நீதவான்கள் இரண்டு பேர் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், அப்பா யார், எங்கே ஒரு வருடம் முழுக்க வேலை செய்தாய்? பிறகு மன்னரின் பெயரால் ஒரு கட்டளை. குடும்பத்தோடு சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஊர்தான் சோறு போட வேண்டும்.

அந்தக் கட்டுக்குள் மூன்றாவதாக இருந்தது தோமஸ் எவன் (Thomas Evan) என்ற கூலியாளின் விசாரணை. வேல்ஸ் எல்லையைத் தாண்டி இங்கிலாந்தின் ஒரு கிராமத்துக்குக் கதிர் வெட்டப் போனவர். கால் முறிந்து விழுந்துவிட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள். அங்கே உள்ள நீதவான் கேட்கிறார், அப்பா யார்? ‘எவன் ரீஸ், இன்ன கிராமம்’ என்கிறார் தோமஸ்.

அடுத்த வரியை நான் சத்தமாக வாசித்துவிட்டு நின்றுவிட்டேன். “அவர் உன் தகப்பன் என்றால், நீ ஏன் ரீஸ் என்ற பெயரைத் தாங்கவில்லை என்று கேட்கப்பட்டது.”

திரு ப்ரோய்க்கர் தட்டச்சிலிருந்து தலை தூக்கினார். “ஏன் நிறுத்திவிட்டீர்கள்? வாசிக்க முடியவில்லையா?”

“வாசிக்க முடிகிறது. இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.”

எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், பெட்டி, மகள், இரண்டாவது படிவத்தில் நான் செய்த வேலை எல்லாம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மேலே வாசியுங்கள். தோமஸ் என்ன சொன்னார்?”

தோமஸ் சொன்னார், தன் பெயர் தோமஸ் எவன். மறுபடி கேட்கப்பட்டது. தோமஸ் எவன். மூன்றாம் முறையும் கேட்டு, எழுத்தர் அலுப்போடு எழுதியிருந்தார்: ‘விசாரிக்கப்பட்டவர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.’ கால் முறிந்து, பிள்ளைகள் பசியோடு நிற்க, எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கூலியாள் நீதவானின் வசதிக்காகத் தன் பெயரை ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பட்டதாரி ஆசிரியன் நான், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே மாற்றிக் கொடுத்திருந்தேன்.

அதோடு இணைத்திருந்தது வேல்ஸ் கிராமச் சபைக்கு ஆங்கிலேய ஊர் எழுதிய கடிதம். இந்த ஆள் உங்களுடையவரா? அதன் பின்னால், சபை அனுப்பிய பதிலின் பிரதி. இதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்தச் சபைக்கு “எங்களுக்குத் தெரியாது” என்று எழுதுவதுதான் இலாபம். ஆம் என்றால் நான்கு வயிற்றுக்கு அவர்கள் வரிப் பணத்தில் சோறு போட வேண்டும். பெயர் பொருந்தவில்லை என்ற சாட்டு வேறு தயாராகக் கையில் இருந்தது. அவர்கள் எழுதியது இது. என் தமிழில் தருகிறேன்.

‘எங்கள் நாட்டில் மகன் தகப்பனுடைய முதற்பெயரைத் தனக்கு இரண்டாம் பெயராக எடுப்பது வழக்கம். எவன் என்பவரின் மகன் ஆகையால் இவர் தோமஸ் எவன். எவன் ரீஸை நாங்கள் அறிவோம். இவர் பிறந்ததையும் அறிவோம். இவர் எங்கள் ஆள்தான். அனுப்பி வையுங்கள்.’

கீழே ஏழு பேர். நான்கு கையெழுத்து. மற்ற மூன்றும் எழுதத் தெரியாதவர்கள் போட்ட புள்ளடி, பக்கத்தில் எழுத்தர் பெயரை எழுதியிருந்தார்.

“உங்கள் அலுவலகப் பெண்ணின் பெயர் என்ன சொன்னீர்கள்?” திரு ப்ரோய்க்கர் கேட்டார்.

“திருமதி க்ளாசன்.”

அவர் சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த தாள்கள் பறந்துவிடுமோ என்று நான் கை வைத்துப் பிடித்தேன். “க்ளாசன்! அப்படி என்றால் க்ளாஸின் பிள்ளை! வடக்கே கடற்கரைப் பக்கம் நெப்போலியன் காலம் வரை அவர்களும் இப்படித்தான். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். ஒரு நாள் சட்டம் வந்து எல்லாரையும் அன்றைக்கு இருந்த பெயரிலேயே நிற்கச் சொல்லிவிட்டது. யாரோ ஒரு க்ளாஸின் மகன் அந்த நேரத்தில் நின்ற இடத்தில் நின்றுவிட்டான்.” பிறகு விரலை நீட்டி எச்சரித்தார். “இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு அதிகாரிக்கு அவருடைய பெயரையே விளக்கினால் கோப்பு அடியில் போய்விடும்.”

அந்தப் பதிலை அவர் ஜேர்மனில் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து, காப்பக முத்திரை குத்தி, இரண்டு பிரதி தந்தார். நேரம் பார்க்க மறந்துவிட்டோம். 4.40 பஸ் பச்சைக் கதவைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. அடுத்த பஸ் ஏழு மணிக்கு. என் அனுமதி எட்டு மணி வரை. திரு ப்ரோய்க்கர் மறுபேச்சில்லாமல் மேற்சட்டையைப் போட்டு, தன் பழைய காரில் என்னை மியூன்ஸ்டர் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க நரித் தலைச் சன்மானம் பற்றியே பேசினார். 7.10க்கு விடுதி வாசலில் கையொப்பமிட்டேன்.

சிவபாலன் முழித்துக்கொண்டு கேட்டான். “என்ன மாஸ்டர், இருநூறு வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரன் கடதாசியைக் கொண்டுபோய்க் குடுக்கப்போறீங்களோ?”

“ஓம். அதோட, நீயும் ஒரு கையெழுத்துப் போடு.”

அந்தப் பதிலில் நான் படித்த பாடம் வழக்கம் பற்றியது மட்டும் அல்ல. என் பெயரை நானே விளக்கினால் அது என் சொல் மட்டும். ‘நாங்கள் அறிவோம்’ என்று சொல்ல ஆட்கள் வேண்டும். ‘இவள் கனகரத்தினத்தின் மகள், நாங்கள் அறிவோம்’ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த பத்து நாளும் விடுதியிலும் பக்கத்து விடுதியிலும் எங்கள் ஊராரைத் தேடினேன். அப்பாவின் கடையில் ரியூப்புக்கு ஒட்டுப் போட்ட ஒருவர் கிடைத்தார். பவானி பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வந்து சாப்பிட்ட ஒரு அக்கா கிடைத்தார். என்னிடம் படித்த ஒருவன், தாளைக் கையில் வாங்கி, ஆறுதலாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

“சேர், சரித்திரத்துக்கு எனக்கு எத்தினை போட்டனீங்கள் எண்டு ஞாபகமிருக்கோ?”

“பதினெட்டு.”

“நூறுக்கு!”

“ஓம், நூறுக்கு. கையெழுத்தைப் போடடா.”

“போடுறன், போடுறன். நீங்கள் சொல்லித் தந்த சரித்திரம் இப்பதான் உங்களுக்கே உதவுது” என்று சொல்லிக்கொண்டே போட்டான். ஏழு பேர் கிடைக்கவில்லை. சிவபாலனோடு சேர்த்து ஐந்து பேர்.

27ஆம் திகதி காலை திருமதி க்ளாசன் முன்னால் இருந்தேன். முதல் வேலையாகப் பிழையைச் சொன்னேன். “இரண்டாவது படிவத்தில் நான் எழுதியது உண்மை இல்லை. உங்களுக்கு விளங்க வேண்டும் என்று மகளின் பெயரை மாற்றி எழுதினேன். அவளுடைய பெயர் கனகரத்தினம் பவானி. கனகரத்தினம் நான்.” இதைச் சொன்னதற்காகவே விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். தள்ளினால் மகள் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவர் ஐந்து கையெழுத்துக்களையும் வாசித்தார். பிறகு திரு ப்ரோய்க்கரின் தாள். அதை இரண்டு முறை வாசித்தார்.

“இது வேறு நாட்டின் பழைய கடிதம். என் கோப்பில் இதற்கு இடம் இல்லை.”

“தெரியும்.”

“சான்றிதழும் இந்த ஐந்து பேரும் போதும்.” இரண்டாவது படிவத்தை வெளியே எடுத்து என் முன்னால் வைத்தார். “இந்தப் பெயரின் மேல் ஒரு கோடு. அழிக்க வேண்டாம், கீழே இருப்பது தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான பெயர். உங்கள் கையெழுத்து, திகதி.”

எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த அதே திருத்தும் முறை. கோடு போட்டேன். அவர் தன் பங்குக்குக் கீழே கையெழுத்து வைத்தார். ‘க்ளாசன்’ என்று எழுதி முடித்த பிறகும் பேனையை எடுக்காமல் ஒரு கணம் அந்தப் பெயரையே பார்த்தார். திரு ப்ரோய்க்கரின் எச்சரிக்கையை நினைத்து நான் என் தாள்களை அடுக்கினேன். கோப்பில் இடமில்லை என்ற வேல்ஸ் கடிதத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. மடித்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

1988 ஜனவரியில் யோகராணியும் மகளும் ஒரு சூட்கேசோடு கெல்சென்கிர்ச்சன் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அடுத்த கிழமை மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். முதல் நாள் என்பதால் பெற்றோரும் வகுப்பின் பின்னால் நிற்கலாம் என்றார்கள். புதிய ஆசிரியை பட்டியலைப் பார்த்து, எது முதற்பெயர் என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் கூப்பிட்டார். “கனகரத்தினம்?”

“ஓம்!” என்றோம், முன்வரிசையில் அவளும் பின்சுவரில் நானும், ஒரே நேரத்தில். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இந்த முறை அவள் கதவைப் பார்க்கவில்லை. நேராகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

இனி, போக விரும்புபவர்களுக்கு. போன வருடம் மறுபடி போய்வந்தேன். இப்போது யாரிடமும் அனுமதித் தாள் கேட்க வேண்டியதில்லை. கெல்சென்கிர்ச்சனிலிருந்து மியூன்ஸ்டருக்கு நேரடிப் பிராந்திய ரயில் உண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜேர்மனி முழுக்கச் செல்லும் மாதப் பயணச்சீட்டு வைத்திருந்தால் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தனிச் செலவு இல்லை. ஸ்டுட்கார்ட், மியூனிக் பக்கமிருந்து வருபவர்கள் முதல் நாளே மியூன்ஸ்டர் வந்து தங்குவது நல்லது. சிறிய ஊர்க் காப்பகங்கள் கிழமையில் ஒன்றிரண்டு நாள்தான் திறக்கும். இரண்டு கிழமைக்கு முன்னாலேயே எழுதி Termin வாங்குங்கள், எந்தப் பெட்டி வேண்டும் என்றும் எழுதுங்கள். பென்சில் இரண்டு கொண்டுபோங்கள். ஒன்று கட்டாயம் முறியும். உள்ளே குளிர், கை வைத்த சட்டை வேண்டும். பிரதி எடுக்கப் பக்கத்துக்கு ஐம்பது சதம் வாங்கினார்கள். கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கையில் எழுதிவையுங்கள், எல்லாருக்கும் ஒரு ப்ரோய்க்கர் கார் வைத்துக்கொண்டு நிற்கமாட்டார். அவர் இப்போது இல்லை. அவர் தட்டச்சு செய்த பட்டியல் இருக்கிறது. முதல் பக்கத்தின் அடியில் ‘வாசித்தவர்: கனகரத்தினம்’ என்று போட்டிருக்கிறார். சின்னத்தம்பி என்று போடவில்லை.

அந்தத் தாள்களை நான் ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்று மகள் கேட்பாள். மன்னர் பெயரால் கேள்வி கேட்டவர்களின் எழுத்தும், தங்கள் ஆளைத் தங்கள் ஆள் என்று சொன்ன ஏழு பேரின் எழுத்தும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. முதலாவதுக்கு எல்லா அலுமாரியிலும் இடம் கிடைக்கும். இரண்டாவதை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆகவே ஒன்று செய்து பாருங்கள். இன்றைக்கு ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, உங்கள் பெயர், அப்பா பெயர், அப்பப்பா பெயர் என்று முடிந்தவரை மேலே எழுதுங்கள்; கீழே, அவர்களை நேரில் அறிந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.